பிளாக் ஆல்பம்: மெட்டாலிகா விலைபோனது எந்தத் தேதியில்?

#1 தேய்ந்தநாடா

ஹெவி மெட்டல் கேட்கிற யாரைக் கேட்டாலும், அமெரிக்க மெட்டல் குழுவான மெட்டாலிகா விலைபோயிட்டாங்க, அதாவது காசுக்காகப் பாட்டை மாத்திட்டாங்க என்பார்கள். எப்போது என்று கேட்டால் ஆளுக்கொரு தேதி.

1984-ல் ‘ரைடு த லைட்னிங்’ ஆல்பம் வந்தபோதே, அதிலுள்ள ‘ஃபேட் டு பிளாக்’ பாட்டு அகூஸ்டிக் கிடாரோடு ஆரம்பிக்கிறது என்று திட்டு விழுந்தது. அதே வருஷம் சின்ன லேபிளை (இசைத்தட்டு வெளியிடும் கம்பெனி) விட்டு எலெக்ட்ரா என்ற பெரிய கம்பெனிக்குப் போனார்கள். 1989-ல் ‘ஒன்’ பாட்டுக்கு முதல் வீடியோ. அதுவரை வீடியோ எடுக்காததே ரசிகர்களுக்குப் பெருமையாக இருந்தது. 1991 ஆகஸ்ட் 12-ல், குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்டு, கறுப்பு அட்டையால் பிளாக் ஆல்பம் எனப்படும் ஆல்பம். தயாரிப்பாளர் பாப் ராக், அதற்குமுன் கிளாம் (அலங்கார உடுப்பு, எளிதில் காதில் ஏறும் பாட்டு) குழுவான மோட்லி க்ரூவின் ‘டாக்டர் ஃபீல்குட்’ ஆல்பம் செய்தவர். 1996-ல் முடியை வெட்டிக்கொண்டு ‘லோட்’, கூடவே ஆல்டர்நேட்டிவ் ராக் திருவிழாவான லொல்லபலூசா மேடை.

இந்த ஐந்தில் கிரயப் பத்திரம் எழுதின நாள் எது?

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரிய கம்பெனி, நிறையப் பேர் காதில் விழுவது, பாட்டு மாறுவது என்று மூன்று சங்கதிகளை ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறோம். முதலாவது குற்றமென்றால் மெட்டல் பிறந்ததே குற்றத்தில்தான். பிளாக் சாபத் இருந்த வெர்டிகோ, ஃபிலிப்ஸின் கிளை. 1970-ல் ‘பாரனாய்ட்’ சிங்கிள் (தனியாக வெளியிட்ட பாட்டு) இங்கிலாந்துப் பட்டியலில் 4-ம் இடம், ஆல்பம் முதல் இடம். ஜூடாஸ் ப்ரீஸ்ட் 1977-ல் சிபிஎஸ், ஐயன் மெய்டன் 1979-ல் இஎம்ஐ. அதற்காக இந்த மூவரையும் யாரும் கூண்டில் ஏற்றுவதில்லை. விலைபோதல் என்ற வசவு பங்க் பக்கமிருந்து, கேசட்டைப் பிரதியெடுத்துத் தபாலில் மாற்றிக்கொண்ட த்ராஷ் (அதிவேக மெட்டல்) வட்டத்தின் வழியாக உள்ளே நுழைந்தது.

பிடிக்கும், பிடிக்காது இரண்டையும் ஓரமாக வைத்துவிட்டு தேதி, காசு, சத்தம் இவற்றை வைத்துப் பேசலாமா?

#2 இரட்டைக்கால்

நான் சத்தத்துல இருந்து வரேன். "வேகத்தைக் குறைச்சாங்க, வித்துட்டாங்க"ன்னுதானே பாதிப் புகார்.

கணக்கு போடுங்க. 200 பிபிஎம்ல (நிமிஷத்துக்கு 200 தட்டு) டபுள் பேஸ், அதாவது ரெண்டு காலாலயும் அடிக்கற கிக் டிரம், பதினாறாம் நோட் (தட்டுக்கு நாலு அடி) வாசிச்சா ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவுல 75 மில்லிசெகண்ட். கிக்கோட அடிச்சத்தம் 60 ஹெர்ட்ஸ் பக்கத்துல இருக்குன்னு வைங்க, அதுல ஒரு அலை முடியவே கிட்டத்தட்ட 17 மில்லிசெகண்ட். நெஞ்சுல ‘தும்’முன்னு விழணும்னா அது நூறு, நூத்தைம்பது மில்லிசெகண்டாவது ஓடித் தேயணும். 75-லயே அடுத்த அடி வந்து முந்தினதோட வாலை மிதிச்சிடுது. அதனால இன்ஜினியர் கீழ்ச் சத்தத்தை வெட்டிட்டு 4000 ஹெர்ட்ஸ் பக்கத்துல இருக்கற ‘டிக்’கைத் தூக்கி விடுவார். 1988-ல வந்த மெட்டாலிகாவோட ‘ஜஸ்டிஸ்’ ஆல்பத்துல கேட்கற டைப்ரைட்டர் கிக் அந்த ரகம். (அதுல பேஸ் கிடார் காதிலேயே விழாதது வேற கதை. அது மிக்ஸ்ல எடுத்த முடிவு, வேகத்து மேல பழி போட முடியாது.)

பிளாக் ஆல்பத்தோட ‘என்டர் சாண்ட்மேன்’ பாட்டு சுமார் 123 பிபிஎம். ஸ்நேர் (சடசடன்னு ஒலிக்கற டிரம்) ரெண்டாவது, நாலாவது தட்டுல மட்டும். ரெண்டு ஸ்நேருக்கு நடுவுல கிட்டத்தட்ட ஒரு செகண்ட் காலி. அந்தக் காலி இடத்துலதான் அறையோட எதிரொலி நிக்குது, ஸ்நேர் அவ்வளவு பெருசா கேட்குது. அதே எதிரொலியை 200 பிபிஎம் த்ராஷ் பீட்ல வைங்க. 300 மில்லிசெகண்டுக்கு ஒரு ஸ்நேர் விழும், எல்லாம் குழைஞ்சு சேறாகிடும்.

அதே ஆல்பத்துல ‘சாட் பட் ட்ரூ’வுக்கு கிடாரை ஒரு முழு சுரம் இறக்கி டி-யில வெச்சிருக்காங்க. தந்தி தளர்ந்தா கனம் வரும். ஆனா தளர்ந்த தந்தியில வேகமா பாம் மியூட் (உள்ளங்கையால தந்தியை அமுக்கி வாசிக்கறது) பண்ணா, ஒவ்வொரு அடியிலயும் சுருதி கொஞ்சம் மேல ஏறித்தான் இறங்கும். இறங்கறதுக்குள்ள அடுத்த அடி வந்துட்டா எல்லா நோட்டும் பிசகின மாதிரி கேட்கும். கனம் வேணும்னா வேகம் குறையணும். காசு வாங்கினாலும் வாங்காட்டியும் இதுல மாத்தமில்ல.

#3 கருங்காகம்

//கனம் வேணும்னா வேகம் குறையணும்//

டூம் (மெதுவான, கனமான மெட்டல்) குழுக்கள் ஆமை வேகத்தில்தான் வாசிக்கின்றன, அவர்களை யாரும் விலைபோனவர்கள் என்பதில்லை. என் புகார் வேகத்தைப் பற்றியதே அல்ல, பாட்டின் எலும்புக்கூட்டைப் பற்றியது.

‘ஜஸ்டிஸ்’ தலைப்புப் பாட்டு 9 நிமிடம் 46 விநாடி. ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிடார் துணுக்கு) மேல் ரிஃப்பாக அடுக்கி, கேட்பவரைக் காத்திருக்க வைக்கும். ‘சாண்ட்மேன்’ 5 நிமிடம் 31 விநாடி. கிட்டத்தட்ட ஒரே ரிஃப். முன்பாதி மூன்று முறை திரும்பி நான்காவதில் வால் வருகிறது. கிடாரிஸ்ட் கிர்க் ஹாமெட் கொண்டுவந்த ரிஃப்பில் முதலில் அப்படி இல்லை. முன்பாதியைத் திருப்பிப் போடச் சொன்னவர் டிரம்மர் லார்ஸ் உல்ரிக். கொக்கி காதில் மாட்டுவதற்காகவே செய்த வேலை அது. பிறகு சரணம், முன்கோரஸ், கோரஸ், மறுபடி அதே வரிசை.

1990 அக்டோபர் முதல் அடுத்த ஜூன் வரை பெரும்பாலும் ஒரே ஸ்டூடியோவில் உட்கார்ந்து, மூன்று முறை மிக்ஸ் செய்து, பத்து லட்சம் டாலர் வரை செலவழித்தார்கள். ஐந்து சிங்கிள். எத்தனை பேர் கேட்பார்கள் என்று நினைக்கவே இல்லை என்று சொன்னால், நம்புவதற்கு வேறு ஆளைப் பாருங்கள்.

#4 ஈயக்காது

முடி வெட்டினதை விட்டுட்டீங்களே காகம். 1996-ல பல பேர் பாட்டே கேட்காம, சலூனை வெச்சே தீர்ப்பு எழுதினாங்க.

#5 தேய்ந்தநாடா

காகத்தின் வாதத்தில் ஒரு தேதி விட்டுப்போயிருக்கிறது: 1991 மே 25.

அதுவரை அமெரிக்காவின் பில்போர்டு இதழ் தன் ஆல்பம் பட்டியலை, கடைக்காரர்களை விசாரித்து அவர்கள் சொல்வதை வைத்துப் போட்டது. கவுன்டரில் இருப்பவர் நினைவிலிருந்தும், சில நேரம் விருப்பத்திலிருந்தும் சொல்வார். மெட்டல், கன்ட்ரி, ராப் மூன்றும் அதில் அடிவாங்கின. அந்த மே இதழிலிருந்து சவுண்ட்ஸ்கேன், அதாவது பில் போடும்போது பார்கோடில் பதிவாகும் உண்மை விற்பனை. ஒரே மாதத்தில் ஸ்கிட் ரோவின் ‘ஸ்லேவ் டு த கிரைண்ட்’ நேராக முதலிடத்தில் வந்து இறங்கியது. ஆகஸ்டில் பிளாக் ஆல்பம் முதலிடம். 1992-ல் மெகாடெத் 2-ம் இடம். 1994-ல் பான்டெராவின் ‘ஃபார் பியாண்ட் ட்ரிவன்’ வந்த வாரமே முதலிடம், அது எவ்வளவு முரட்டுத்தனமான ஆல்பம் என்று இங்கே சொல்ல வேண்டியதில்லை.

மெட்டல் திடீரென்று பொதுச் சந்தைக்கு வந்தது போல் தெரிந்ததில் ஒரு பங்கு தராசை மாற்றியதால் வந்தது. முன்பும் ஆட்கள் வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள், எண்ணவில்லை. ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன், பிளாக் ஆல்பம் அமெரிக்காவில் மட்டும் 1 கோடியே 60 லட்சம் பிரதிக்கு மேல் போனதற்கு இந்தத் தராசு மட்டும் விளக்கமாகாது.

#6 கணக்குப்பிள்ளை

இழையில் காசு என்ற சொல் வந்துவிட்டது, ஒப்பந்தத்தை இன்னும் யாரும் திறக்கவில்லை. நான் திறக்கிறேன். 90-களின் குறுந்தட்டுக் கால அமெரிக்க ஒப்பந்தம், ஒரு கற்பனைக் குழு.

தட்டின் விலை 16 டாலர். ‘பேக்கேஜிங்’ என்று 25 சதவீதம் கழித்தால் 12. குழுவுக்கு 15 பாயின்ட் (சதவீதம்), அதில் தயாரிப்பாளருக்கு 3, மிச்சம் 12 சதவீதம்: 1 டாலர் 44 சென்ட். கடைகளுக்கு ‘இலவசச் சரக்கு’ தந்ததாக 15 சதவீதப் பிரதிகளுக்கு ராயல்டி கிடையாது. ஆக ஒரு தட்டுக்கு சுமார் 1 டாலர் 22 சென்ட்.

இது கைக்கு வராது, முதலில் கடன் அடையும். ரெக்கார்டிங் 2 லட்சம், தலா 1 லட்சத்தில் இரண்டு வீடியோ, அதில் பாதி குழுவின் கணக்கில் 1 லட்சம். மூன்று லட்சத்தை 1.22-ஆல் வகுத்தால் சுமார் 2,45,000 பிரதி விற்றபிறகுதான் முதல் ராயல்டி செக். சுற்றுப்பயணத்துக்குக் கம்பெனி 60,000 கொடுத்திருந்தால் அது முழுதும் கழிவு. இன்னும் 49,000 பிரதி. திரும்பி வரக்கூடிய சரக்குக்காக ஒரு பகுதியைப் பிடித்து வைப்பது தனி. இதில் ஒரு லட்சம் பிரதி விற்ற குழுவை "விலைபோய்ச் சம்பாதிச்சுட்டாங்க" என்று திட்டுகிறவர்கள், அந்தக் குழு இன்னும் கடனில் இருக்கிறது என்பதை அறிய மாட்டார்கள்.

நீளமான பாட்டு எழுதுகிறவர்கள் அடுத்த ஷரத்தைக் கூர்ந்து படிக்க வேண்டும். பாட்டு எழுதியவருக்கு ஒவ்வொரு பிரதிக்கும் மெக்கானிகல் ராயல்டி உண்டு. 2006 முதல் 2022 வரை அமெரிக்கச் சட்ட விகிதம் 9.1 சென்ட், பாட்டு 5 நிமிடத்தைத் தாண்டினால் நிமிடத்துக்கு 1.75 சென்ட். 15 நிமிடப் பாட்டுக்கு 26.25 சென்ட். நான்கு பாட்டு கொண்ட டூம் ஆல்பத்துக்கு 1 டாலர் 5 சென்ட் வர வேண்டும்.

ஆனால் ஒப்பந்தத்தில் ‘கன்ட்ரோல்டு காம்பொசிஷன்’ என்று ஒரு ஷரத்து இருக்கும். குழு தானே எழுதிய பாட்டுக்குக் குறைந்தபட்ச விகிதத்தில் 75 சதவீதம்தான், நீளம் கணக்கில்லை, பத்துப் பாட்டுக்கு மேல் பணமில்லை. அதே டூம் ஆல்பத்துக்கு இப்போது 27.3 சென்ட். மூணு நிமிடப் பாட்டாகப் பத்து எழுதினால் 68.25 சென்ட். யாரும் வந்து "பாட்டைச் சுருக்கு" என்று சொல்லத் தேவையில்லை, ஷரத்தே சொல்லிவிடும். டவுன்லோடுக்கு இந்த வெட்டு 1995-க்குப் பிந்திய ஒப்பந்தங்களில் செல்லாது, தட்டுக்குச் செல்லும். கையெழுத்துக்கு முன் கேட்டு வாங்க வேண்டியவை: முழு விகிதம், உச்சவரம்பு 12 பாட்டு, நீளப் பாட்டுக்கு நிமிடக் கணக்கு, எல்லாவற்றுக்கும் மேலாக மெக்கானிகலை ரெக்கார்டிங் கடனில் கழிக்கக் கூடாது என்ற ஒரு வரி.

#7 பதினாலாம்ஃப்ரெட்

கணக்குப்பிள்ளை சார், அப்ப மெட்டாலிகா மட்டும் எப்படி தப்பிச்சாங்க? அவங்களும் இதே மாதிரி ஒப்பந்தத்துல தானே ஆரம்பிச்சிருப்பாங்க?

#8 கணக்குப்பிள்ளை

விற்பனை கையில் இருந்ததால் பேச முடிந்தது தம்பி. 1994-ல் எலெக்ட்ரா மீது வழக்குப் போட்டார்கள். கலிஃபோர்னியாவில் ஒருவரை ஏழு வருஷத்துக்கு மேல் தனிச் சேவை ஒப்பந்தத்தில் கட்டிப்போட முடியாது என்று சட்டம் இருக்கிறது. 1984-ல் போட்ட கையெழுத்துக்கு அதை வைத்து வாதம். அந்த வருஷக் கடைசியிலேயே சமரசம். அந்த வழியில் மாஸ்டர்கள், அதாவது மூல ஒலிப்பதிவுகள், அவர்களிடமே திரும்பின. 2012 நவம்பரில் ‘பிளாக்கன்ட் ரெக்கார்டிங்ஸ்’ என்று சொந்த லேபிள் தொடங்கினார்கள். அதிகம் விற்ற மெட்டல் ஆல்பத்தின் ஒலிப்பதிவு அதை வாசித்தவர்களிடமே இருக்கிறது. விலைபோனவன் கையில் பத்திரம் இருக்குமா என்று காகம் யோசிக்கட்டும்.

#9 ஆறாம்தந்தி

பெரிய கம்பெனிக்குப் போனா பாட்டு மென்மையாகிடும்னு ஒரு விதி இருக்கற மாதிரி பேசறோம். 1993-ஐப் பாருங்க.

மார்பிட் ஏஞ்சல் குழுவோட ‘கவனன்ட்’ ஆல்பம், வார்னர் குடும்பத்துல இருந்த ஜயன்ட் ரெக்கார்ட்ஸ். கார்கஸ் ‘ஹார்ட்வொர்க்’, என்டூம்ட் ‘வுல்வரின் ப்ளூஸ்’, ரெண்டும் இயர்ஏக் லேபிள் வழியா அமெரிக்காவுல கொலம்பியா. டெத் மெட்டல், கிரைண்ட்னு மெட்டல்லயே முரடான வகைகளைக் கார்ப்பரேட் கை நீட்டி வாங்கின வருஷம் அது. மார்பிட் ஏஞ்சல் ஒரு நோட்டைக்கூட இனிப்பாக்கல. கார்கஸ் மெலடி பக்கம் சாஞ்சாங்க, உண்மை. ஆனா ‘ஹார்ட்வொர்க்’ இன்னிக்கும் அந்த வகைக்கே அளவுகோல்.

கெட்டது எங்கேன்னா, வாங்கினவங்களுக்கு அதை என்ன பண்றதுன்னு தெரியல. ‘வுல்வரின் ப்ளூஸ்’னு பேர் இருக்கேன்னு மார்வெல் கதாபாத்திரத்தை அட்டையில போட்டு ஒரு பதிப்பு விட்டாங்க. பாட்டுக்கும் அந்தப் பாத்திரத்துக்கும் சம்பந்தமே இல்ல, குழுவுக்கும் உடன்பாடில்ல. கார்கஸோட அடுத்த ஆல்பம் ‘ஸ்வான்சாங்’ கொலம்பியாவுக்காகப் பதிவாச்சு, கம்பெனி கைகழுவிடுச்சு, 1996-ல இயர்ஏக்கே வெளியிட்டபோது குழு கலைஞ்சிருந்தது. ஸ்லீப் குழுவோட கதை இன்னும் கொடுமை. லண்டன் ரெக்கார்ட்ஸ் காசு கொடுத்தது, அவங்க ஒரு மணி நேரத்துக்கு ஒரே பாட்டா எழுதிக் கொடுத்தாங்க, கம்பெனி வெளியிடல, குழு உடைஞ்சுது. இப்ப அதை ‘டோப்ஸ்மோக்கர்’னு பூஜை பண்றோம்.

இவங்கள்ல யாரும் விலைபோகல. காசு வாங்கினாங்க, கேட்டதைக் கொடுக்கல, தெருவுல நின்னாங்க.

#10 கருங்காகம்

ஆறாம்தந்தி, லேபிள் விஷயத்தில் நான் ஒரு படி இறங்கி வருகிறேன். இன்னும் உங்களுக்கு உதவியாகவே சொல்கிறேன்: செல்டிக் ஃப்ராஸ்ட் 1988-ல் ‘கோல்ட் லேக்’ என்று கிளாம் வேஷம் கட்டியது. அதை வெளியிட்டது நாய்ஸ், பெரிய கம்பெனி சாராத தனி லேபிள். குழுவின் பாடகர் டாம் வாரியரே பிற்பாடு அந்த ஆல்பத்தைக் கைவிட்டார், மறுபதிப்புகளில் அது சேரவில்லை. உங்கள் மார்பிட் ஏஞ்சலின் 2011 ஆல்பம், அந்த டெக்னோ விபத்தும் தனி லேபிளில்தான் வந்தது. ஆக, பெரிய கம்பெனி இல்லாமலே கெட்டுப்போக முடியும்.

ஆனால் பான்டெராவை நற்சான்றாகக் கொண்டுவராதீர்கள். 1983 முதல் சொந்த லேபிளில் கிளாம் உடுப்போடு நான்கு ஆல்பம். த்ராஷ் விற்கத் தொடங்கியபிறகு, 1990-ல் பெரிய கம்பெனியான அட்கோவுக்குப் போய்க் கடினமாக மாறினார்கள். மென்மையாக மாறினால் விலைபோதல், கடினமாக மாறினால் ‘தன்னைக் கண்டுகொள்ளுதல்’ என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

#11 இரட்டைக்கால்

நல்ல அடி. ஆனா வரிசையைப் பாருங்க. 1988 ‘பவர் மெட்டல்’ ஆல்பத்துலயே பாடகர் ஆன்செல்மோ வந்தாச்சு, சத்தம் ஏறியாச்சு, அது அவங்க சொந்தக் காசு. அட்கோ அதுக்கப்புறம்தான். முதலிடம் வந்த பிறகு 1996-ல ‘கிரேட் சதர்ன் ட்ரெண்ட்கில்’ போட்டாங்க, முந்தினதைவிட முரடு. விக்கறவன் அந்த நேரத்துல அப்படி ஒண்ணைப் போட மாட்டான்.

#12 பதினாலாம்ஃப்ரெட்

ஒரு சின்ன சந்தேகம். எங்க பாட்டு 7 நிமிஷம். ரேடியோவுக்கு 4 நிமிஷத்துல ஒரு எடிட் கேட்கறாங்க. கொடுத்தா விலைபோனதுன்னு ஆகுமா? எப்படி வெட்டறது?

#13 பிளேடும்டேப்பும்

முதல் கேள்விக்குக் காகம் பதில் சொல்லட்டும். இரண்டாவது என் வேலை.

மாஸ்டர் ஆன (கடைசியாகச் சத்தம் சமன்செய்து முடித்த) கோப்பில் கை வைக்காதே. உச்சச் சத்தத்தை அமுக்கும் லிமிட்டர், வெட்டுக்கு முன்னால் வந்த சத்தத்துக்கு ஏற்ப அமுங்கியிருக்கும். ஒட்டினால் அந்த இடத்தில் ஒலி மூச்சு வாங்குவது போல் ஏறி இறங்கும். மாஸ்டருக்கு முந்தைய மிக்ஸை எடு, முடிந்தால் டிரம்ஸ், கிடார், பேஸ், குரல் எனத் தனித்தனி ஸ்டெம் (பிரித்த ஒலிக்கோப்பு). வெட்டி முடித்தபிறகு எடிட்டைத் தனியாக மாஸ்டர் செய்.

பாட்டை பார் (தாள ஆவர்த்தனம்) கணக்கில் குறித்துக்கொள். கிளிக் (தாளம் காட்டும் டிக் ஒலி) இல்லாமல் பதிந்திருந்தால் ஒவ்வொரு பகுதிக்கும் வேகத்தை அள. இரண்டாவது கோரஸ் 148-ல் முடிந்து, சோலோவுக்குப் பிந்தைய கோரஸ் 152-ல் ஓடினால், நேராக ஒட்டும்போது வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறியது போல் தெரியும். அப்போது வேறு வெட்டுப் புள்ளி தேடு. நீட்டிச் சுருக்கிச் சரிசெய்யப் போகாதே, சிம்பலில் முதலில் காட்டிக்கொடுத்துவிடும்.

வெட்ட வேண்டிய இடம் முதல் தட்டின் கிக்குக்கு 5 முதல் 10 மில்லிசெகண்ட் முன்னால். கிராஸ்ஃபேடும் (ஒன்று தணிய மற்றது ஏறும் ஒட்டு) அதே அளவு போதும். கிக்கின் தாக்கம் ஒட்டை மறைக்கும். புதியவர்கள் எல்லோரும் விடுகிற தப்பு கிராஷ் சிம்பல்: வெட்டுக்கு முந்தைய பாரில் அடித்த கிராஷ் இரண்டு மூன்று விநாடி ஓடும், நீ வெட்டியதும் கத்தரித்தது போல் நின்றுவிடும். டிரம் ஸ்டெமிலிருந்து அந்த வாலை எடுத்து ஒட்டின இடத்தின் மேல் போர்த்து. குரலின் எதிரொலி வாலுக்கும் இதே வைத்தியம்.

எதை எடுப்பது? முன்னிசையில் பாதி, இரண்டாம் சோலோ, கடைசித் திரும்பல்கள். ரிஃப் நான்கு முறை வந்தால் இரண்டாகக் குறை, மூன்று வேண்டாம், காது நான்காவதை எதிர்பார்த்து ஏமாறும். சோலோ வேறு சுருதிக்குப் போய்த் திரும்புகிறது என்றால் பாதியில் வெட்டினால் அடுத்த கோரஸ் சுருதி தவறியது போல் விழும். முழுசாக எடு, அல்லது முழுசாக விடு.

கடைசியாக ஒப்பந்தத்தில் ஒரு வரி: குழு எழுத்தில் சம்மதிக்காமல் எந்த எடிட்டும் வெளியாகக் கூடாது. அந்த வரி இல்லாவிட்டால் உன் பாட்டை நீ அறியாத ஒருவர் மதிய உணவுக்கு முன் வெட்டி அனுப்பிவிடுவார்.

#14 ஈயக்காது

எடிட் இல்லாமலும் நடக்கும். மெட்டாலிகாவோட 8 நிமிஷம் 35 செகண்ட் ‘மாஸ்டர் ஆஃப் பப்பட்ஸ்’, 2022-ல ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடர்ல வந்ததும், முதல்ல வெளியாகி 36 வருஷம் கழிச்சு பில்போர்டு ஹாட் 100-ல முதல் 40-க்குள்ள நுழைஞ்சது. ரேடியோக்காரன் கத்தரிக்கோல் அங்க வேலை செய்யல. ஸ்ட்ரீமிங்ல வேற கத்தரி இருக்கு: ஸ்பாட்டிஃபைல 30 செகண்ட் தாண்டினா ஒரு கேட்பு. 4 நிமிஷப் பாட்டு மணிக்கு 15 தடவை ஓடும், 10 நிமிஷப் பாட்டு 6 தடவை, ரெண்டுக்கும் ஒரு கேட்புக்கு ஒரே கணக்கு. ஒரு நிமிஷம் காத்து வீசற சத்தத்தோட ஆரம்பிக்கற பிளாக் மெட்டல் பாட்டுல, கிடார் வர்றதுக்குள்ள பணம் வந்தாச்சுன்னு சந்தோஷப்பட்டுக்கலாம்.

சத்தம் பத்தி ஒண்ணு. மெட்டாலிகாவோட ‘டெத் மேக்னடிக்’ ஆல்பம் 2008-ல வந்தப்ப, அதே பாட்டுகள் ‘கிட்டார் ஹீரோ’ வீடியோ விளையாட்டுக்கும் போச்சு. விளையாட்டுப் பதிப்புல டிரம்ஸ் மூச்சு விட்டுது, குறுந்தட்டுல எல்லாம் கூரையில இடிச்சு உடைஞ்சு கேட்டுது. மாஸ்டரிங் பண்ணின டெட் ஜென்சனே, மிக்ஸ் தன்கிட்ட வரும்போதே சுவத்துல மோதித்தான் வந்துதுன்னு சொன்னார். ரேடியோவுல அடுத்த பாட்டைவிட உரக்கக் கேட்கணும்ங்கற ஆசை பண்ணின வேலை. இப்ப அதுக்கும் பயனில்ல. ஸ்பாட்டிஃபை எல்லாத்தையும் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ்ஸுக்கு (சராசரி உரப்பு அளவு) இறக்குது. மைனஸ் 5-ல மாஸ்டர் பண்ணினா 9 டெசிபல் குறைச்சிடுவான், உடைஞ்ச சத்தம் மட்டும் உடைஞ்சபடியே இருக்கும். மைனஸ் 9, மைனஸ் 10 பக்கத்துல நிறுத்துங்க, ஸ்நேர் பிழைச்சுக்கும்.

#15 ஆறாம்தந்தி

படத்துல, டிவியில வர்றதையும் பேசிடலாம். 1994-ல ‘ஏஸ் வென்சுரா’ படத்துல டெத் மெட்டல் குழு கேனிபல் கார்ப்ஸ் மேடையில வாசிச்சாங்க. ஜிம் கேரி படம், குடும்பத்தோட பார்க்கற கூட்டம். அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் அவங்க சத்தத்துல ஒரு மயிரிழை வித்தியாசம் சொல்லுங்க பார்ப்போம். ஐயன் மெய்டன் 1980-ல ‘டாப் ஆஃப் த பாப்ஸ்’ங்கற பிரிட்டிஷ் டிவி நிகழ்ச்சியில வாயசைக்க மாட்டோம்னு நேரடியா வாசிச்சாங்க. பிரெஞ்சு மெட்டல் குழு கொஜிரா 2024 பாரிஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவுல, கான்சியர்ஜரிங்கற பழைய சிறைக் கட்டட ஜன்னல்ல தொங்கிக்கிட்டு, ஓபரா பாடகியோட டபுள் பேஸ் அடிச்சாங்க. உலகமே பார்த்துது. வெளிச்சம் அவங்ககிட்ட வந்துது, அவ்வளவுதான்.

#16 கணக்குப்பிள்ளை

அந்த வெளிச்சத்துக்கும் காகிதம் உண்டு, சுருக்கமாக. படத்திலோ தொடரிலோ ஒரு பாட்டைப் போட இரண்டு அனுமதி வேண்டும்: பாட்டை எழுதியவரிடம் சிங்க் (காட்சியோடு சேர்க்கும்) உரிமை, ஒலிப்பதிவின் உரிமையாளரிடம் மாஸ்டர் உரிமை. இரண்டும் உன்னிடம் இருந்தால் இரண்டு கட்டணமும் உனக்கு. மாஸ்டர் கம்பெனியிடம் இருந்தால் அந்தப் பாதி கடன் கணக்கில் போய் விழலாம். இரு பக்கத்துக்கும் சம தொகை என்ற ஷரத்தைக் கேள். எந்த ஊடகம், எந்த நாடுகள், எத்தனை வருஷம், விளம்பர ட்ரெய்லரில் சேருமா என்பதையெல்லாம் பெயர் சொல்லி எழுது. கியூ ஷீட்டில் (எந்தப் பாட்டு எங்கே வந்தது என்ற பட்டியல்) உன் பெயர் சரியாக ஏறாவிட்டால் டிவி ஒளிபரப்புக்கான ராயல்டி வேறு யாருக்கோ போகும், அல்லது யாருக்கும் போகாது. அமெரிக்கத் தியேட்டர்களில் அந்த ராயல்டி கிடையவே கிடையாது, அதனால் முன்பணத்தைக் கூட்டிக் கேள். கம்பெனியோடு மாஸ்டரில் தகராறு என்றால் மறுபதிவு ஒரு வழி. டெஃப் லெப்பர்ட் 2012-ல் தங்கள் பழைய ஹிட்டுகளை அப்படியே நகலெடுத்துப் பதிந்தார்கள். ஆனால் வெளியாகி ஐந்து வருஷம் வரை மறுபதிவுக்குத் தடை என்று பெரும்பாலும் எழுதியிருக்கும், முதலில் அதைப் பார்.

#17 கருங்காகம்

பதினாலாம்ஃப்ரெட், எடிட் கொடு. முழுப் பாட்டு ஆல்பத்தில் அப்படியே இருக்கிறவரை என் கணக்கில் குற்றமில்லை. எடிட்டுக்கு ஏற்றமாதிரி அடுத்த ஆல்பத்தை எழுத ஆரம்பித்தால் அப்போது வந்து திட்டுகிறேன். மெகாடெத்தின் 1999 ‘ரிஸ்க்’ அந்த ரகம்: நாஷ்வில் தயாரிப்பாளர், விளையாட்டு மைதானத்துக்கென்று ஒரு கோஷப் பாட்டு.

இழையின் கேள்விக்கு என் பதில். இவ்வளவு படித்தபிறகு 1991 ஆகஸ்டை விட்டுக்கொடுக்கிறேன், முழு மனசோடு இல்லை. நான் வைக்கும் தேதி உங்கள் ஐந்திலும் இல்லை: 2000 ஏப்ரல். 1982-ல் ‘நோ லைஃப் டில் லெதர்’ டெமோவை ரசிகர்கள் கேசட்டில் பிரதியெடுத்து ஊர் ஊராக அனுப்பித்தான் இந்தக் குழு வெளியே தெரிந்தது. அதே குழு, இணையத்தில் பாட்டுக் கோப்புகளைப் பகிர உதவிய நாப்ஸ்டர் மீது வழக்குப் போட்டு, பாட்டைப் பகிர்ந்த 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பயனர் பெயர்களைப் பெட்டி பெட்டியாக அச்சடித்துக் கொண்டுபோய் இறக்கியது. அதில் ஒரு பாட்டும் மாறவில்லை, ஒரு ரிஃப்பும் சுருங்கவில்லை.

#18 கணக்குப்பிள்ளை

அந்த வழக்குக்குத் தீ வைத்தது ‘ஐ டிஸப்பியர்’. படத்துக்காக எழுதிய பாட்டு, முடிக்காத பிரதி கசிந்து ரேடியோ வரை ஓடியது. டெமோவை அவர்களே ஊரெல்லாம் போகட்டும் என்று விட்டார்கள், இது அவர்களைக் கேட்காமல் போனது. எதை எப்போது வெளியிடுவது என்ற முடிவு யாருடையது என்றுதான் #6-லிருந்து நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன் காகம்.

#19 கருங்காகம்

முடிவு அவர்களுடையது, ஒத்துக்கொள்கிறேன். அந்தப் பெயர்ப் பட்டியலை அச்சடித்த முடிவும் அவர்களுடையதுதான். தேதியை மாற்றுவதாக இல்லை.